பட்டியலில் பேர் இருக்கு, எந்த ஊர்ப் பட்டியலில்?

வாசகர் கேள்வி பதில்

மலேசியாவில் வாக்காளர் பதிவு, ஓட்டுப் போடும் முறை பற்றிக் கேட்க ஏதாவது இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவாக வந்தது, நீலத் தாளில் கையால் எழுதி அஞ்சலில் வந்தது, மகனிடம் சொல்லி மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னதும் வந்தது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். யாருக்குப் போடலாம் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது, அதை மாமாக் கடையில் தே தாரிக்கோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 19 வயது. இதுவரை எந்தப் பாரமும் நிரப்பவில்லை, யாரும் வந்து பதிவு செய்யவும் இல்லை. என் பேர் பட்டியலில் இருக்குமா?
– செந்தூல் இளைஞர்

இருக்கும் தம்பி. நீங்கள் எதுவும் செய்யாமலே இருக்கும், சட்டமே இப்போது அப்படித்தான்.

உங்கள் அப்பா காலத்தில் 21 வயது ஆகியிருக்க வேண்டும், அதோடு அவரே போஸ்ட் ஆபீசுக்கோ கட்சிக்காரர் போட்ட மேசைக்கோ போய்ப் பாரம் நிரப்பினால்தான் பேர் ஏறும். நிரப்பாதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். 2019 ஜூலை 16-ஆம் தேதி நாடாளுமன்ற மக்களவையில் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது, 211 உறுப்பினர்கள் ஆதரித்தார்கள், எதிர்த்து ஒருவர்கூட இல்லை. நம் நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே பக்கம் கை தூக்குவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம் சொல்லுங்கள். ஓட்டு வயது 18, வேட்பாளர் வயதும் 18, பதிவு தானாகவே நடக்கும் என்று மூன்றையும் அந்த ஒரே திருத்தம் மாற்றியது.

சட்டம் பாஸானதும் நடைமுறைக்கு வந்துவிட்டதா என்றால் இல்லை. 2021-இல் இது தள்ளிப்போகும் என்று அறிவிப்பு வந்தது. இளைஞர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 செப்டம்பர் 3-ஆம் தேதி கூச்சிங் உயர் நீதிமன்றம், அந்த ஆண்டு முடிவதற்குள் அமல்படுத்தியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. டிசம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. 2022 மார்ச்சில் நடந்த ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில்தான் 18 வயதுப் பிள்ளைகள் முதன்முதலாக வரிசையில் நின்றார்கள். 2018 பொதுத் தேர்தலில் சுமார் 1 கோடியே 49 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள், 2022 நவம்பரில் அது 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. மக்கள்தொகை அப்படி ஒன்றும் பெருகிவிடவில்லை. இத்தனை நாள் வெளியே நின்றவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

செந்தூல்காரர் என்பதால் இன்னொன்று. உங்கள் பக்கத்து ‘பத்து’ என்ற நாடாளுமன்றத் தொகுதியில் 2018-இல் சுயேச்சையாக நின்று ஜெயித்த பி. பிரபாகரனுக்கு அப்போது வயது 22. அன்றைக்கு இருந்த சட்டப்படி அதைவிட இரண்டு வயது குறைந்திருந்தால் மனுவே தாக்கல் செய்திருக்க முடியாது. இப்போது உங்கள் வயதில் நிற்கலாம்.

எங்கள் வீட்டில் ஐந்து ஓட்டு. வாடகைக்கு செத்தாப்பாக்கில் இருக்கிறோம், வந்து பல வருஷம் ஆகிறது. என் அடையாள அட்டையில், அதாவது ஐ.சி.யில், இன்னும் சுங்கை சிப்புட் தோட்டத்து முகவரிதான், மகனுக்கும் அதே. தானாகப் பதிவு என்றால் எங்களை எங்கே பதிவார்கள்?
– செத்தாப்பாக் வாசகி

அக்கா, இந்த மாதம் வந்ததில் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். பிறையிலிருந்து, கிள்ளானிலிருந்து, பூச்சோங்கிலிருந்து, எல்லாம் ஊர்ப் பேரை மட்டும் மாற்றிப் போட்ட ஒரே கேள்வி.

உங்கள் மகன் பேர் சுங்கை சிப்புட்டில்தான் இருக்கும். தேர்தல் ஆணையத்துக்கு, அதாவது எஸ்பிஆருக்கு, நீங்கள் செத்தாப்பாக்கில் சமைத்துச் சாப்பிடுவது எப்படித் தெரியும்? தேசியப் பதிவு இலாகா, நாம் ஜேபிஎன் என்று சொல்கிறோமே, அவர்கள் கொடுக்கும் தகவல்தான் எஸ்பிஆர் கையில் இருக்கும். ஐ.சி. முகவரி எந்தத் தொகுதியில் விழுகிறதோ அங்கே பேர். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளையாக மைகார்ட், அதாவது ஐ.சி., எடுத்தபோது எந்த முகவரி கொடுத்தீர்களோ, அதைப் பிறகு யாரும் தொடவில்லை என்றால் அதேதான்.

மாற்ற வேண்டுமானால் வேலை இரண்டு. முதலில் ஜேபிஎன் போய் ஐ.சி. முகவரியை மாற்ற வேண்டும். பல பேர் இதோடு முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஏற்கனவே வாக்காளராக இருப்பவருக்கு ஐ.சி. மாறினால் தொகுதியும் தானாக மாறும் என்பது கிடையாது. எஸ்பிஆரிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், மைஎஸ்பிஆர் டாப்தார் இணையதளத்தில் செய்யலாம், மாநில எஸ்பிஆர் அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். விண்ணப்பித்தபின் துணை வாக்காளர் பட்டியலில் உங்கள் பேர் பார்வைக்கு வரும், ஆட்சேபம் இல்லையென்றால் உறுதியாகி அரசிதழில் ஏறும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். நாடாளுமன்றம் கலைந்துவிட்டது என்று டிவியில் பார்த்த பிறகு அடித்துப்பிடித்து ஓடினால் அந்தத் தேர்தலுக்கு ஆகாது.

18 வயதில் பிள்ளைகள் எப்படியும் மைகார்ட் புதுப்பிக்கப் போகத்தான் வேண்டும். அப்போதே இப்போது இருக்கும் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டால் முதல் பதிவே சரியான இடத்தில் விழும், இரண்டாவது அலைச்சல் மிச்சம். பெற்றோர்தான் இதைச் சொல்ல வேண்டும், பிள்ளைகளுக்குப் படம் நல்லா வந்திருக்கா என்பதுதான் அங்கே பெரிய கவலை.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் அம்மா இருக்கிறார், தீபாவளிக்குப் போகிற மாதிரி தேர்தலுக்கும் போய் வருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு, அதில் ஒரு சந்தோஷமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக் குப்பை, தண்ணீர், பிள்ளை படிக்கும் பள்ளி எல்லாம் கோலாலம்பூரில். இதைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டிய நாடாளுமன்ற உறுப்பினருக்கு உங்கள் ஓட்டு இல்லை, நீங்கள் ஓட்டுப் போட்டவருக்கோ உங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, எங்கே என்றே தெரியாது. போதாக்குறைக்கு 2018 மே 9 ஒரு புதன்கிழமை. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்குப் போக முடியாமல் திண்டாடியவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் காரில் இடம் கொடுத்தார்கள், பஸ் டிக்கெட்டுக்குப் பணம் திரட்டினார்கள். பார்க்க நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு குடிமகன் ஓட்டுப் போட அடுத்தவர் தயவு தேவைப்படுகிறது என்றால் ஏற்பாட்டில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். பினாங்கில் பதிவாகி கோலாலம்பூரில் வேலை செய்யும் சாதாரண ஆளுக்கு உள்நாட்டில் தபால் ஓட்டு இல்லை. அது போலீஸ், ராணுவம், தேர்தல் பணியாளர், பத்திரிகையாளர் போன்ற சில பிரிவினருக்குத்தான். தபால் ஓட்டு முறையைச் சீர்திருத்த வேண்டும் என்பது தேர்தல் சீர்திருத்தம் கேட்கும் பெர்சே இயக்கத்தின் பழைய கோரிக்கை. பதிவைத் தானாக்கியவர்கள் இதையும் செய்திருக்கலாம் என்பதே என் கருத்து.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. மாமா வீட்டு முகவரியைப் போட்டு வேறு தொகுதிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நீங்கள் உண்மையில் குடியிருக்கும் முகவரிதான். மற்றதெல்லாம் பொய்த் தகவல், வம்பு.

அப்பா இறந்து வருஷமாகிறது. போன தடவை பட்டியலில் பார்த்தால் அவர் பேர் அப்படியே இருக்கிறது! இதைத்தான் பேய் ஓட்டு என்கிறார்களா?
– பட்டர்வொர்த் வாசகர்

பேர் இருப்பதாலேயே யாரோ அவர் ஓட்டைப் போட்டுவிட்டார்கள் என்று ஆகாது, பயப்படாதீர்கள். மரணம் ஜேபிஎன்னில் முறைப்படி பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை வைத்துக் காரியத்தை முடித்துவிட்டு, இறப்புச் சான்றிதழ் பக்கம் போகாமல் விட்ட குடும்பங்கள் நம்மில் உண்டு. அது பதிவானால்தான் எஸ்பிஆர் பேரை நீக்கும். பதிவு செய்தும் நீங்கவில்லை என்றால் சான்றிதழ் நகலோடு எஸ்பிஆருக்கு எழுதுங்கள்.

என் மகள் மெல்பர்னில் வேலை செய்கிறாள். அவளும் தானாகத் தபால் வாக்காளர் ஆகிவிடுவாளா?
– பிறை வாசகி

இல்லை அம்மா. வாக்காளர் ஆவது தானாக நடக்கும், தபால் வாக்காளர் ஆவது கேட்டால்தான் நடக்கும். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவரே விண்ணப்பிக்க வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது 1பி பாரம். விண்ணப்பிக்கும் காலம் குறுகியது.

வெளிநாட்டில் வாழும் சாதாரண மலேசியர்களுக்குத் தபால் ஓட்டு கிடைத்ததே 2013 பொதுத் தேர்தலில்தான். அப்போதும் அதற்கடுத்த 2018 தேர்தலிலும் சிங்கப்பூர், புருணை மாதிரி பக்கத்து இடங்களில் இருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை, பக்கம்தானே வந்து போடட்டும் என்பது கணக்கு. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன, அதனால் போன தேர்தலில் தோழி என்ன செய்தாள் என்பதை நம்பாமல் அறிவிப்பு வந்ததும் எஸ்பிஆர் தளத்தையே பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டுச்சீட்டு கைக்கு வந்த பிறகுதான் உண்மையான ஓட்டம். உறுதிமொழித் தாளில் மலேசியர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், அது இல்லையென்றால் ஓட்டு தள்ளுபடி. வாக்களிப்பு நாள் மாலை முடிவதற்குள் அது இங்கே தேர்தல் அதிகாரி கையில் இருக்க வேண்டும், அன்றைய தேதியில் அஞ்சல் முத்திரை இருந்தால் போதும் என்பது கிடையாது. 2018-இல் பல பேருக்குச் சீட்டு வந்ததே தேர்தலுக்கு ஓரிரு நாள் முன்புதான். விமான நிலையத்தில் மலேசியாவுக்குப் புறப்பட்ட யாரிடமாவது உறையைக் கொடுத்து அனுப்பினார்கள், இங்கே தன்னார்வலர்கள் வாங்கி ஒவ்வொரு தொகுதியாகக் கொண்டு சேர்த்தார்கள். அந்த ஓட்டம் இனி வரக்கூடாது என்றால் சீட்டு அனுப்பும் நாளுக்கும் வாக்களிப்பு நாளுக்கும் நடுவில் இன்னும் இடைவெளி வேண்டும்.

கோலாலம்பூரில் எனக்கு ஒரு ஓட்டுச்சீட்டு, பினாங்கில் அக்காவுக்கு இரண்டு. நாங்கள் என்ன குறைந்த குடிமக்களா?
– பங்சார் வாசகர்

அக்கா சொல்வது 2018 கதையாக இருக்கும். அன்று பினாங்கில் நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என்று இரண்டு கொடுத்தார்கள். 2022 நவம்பரில் பினாங்கு சட்டமன்றத்தைக் கலைக்கவில்லை, அதனால் அவருக்கும் ஒன்றுதான். சட்டமன்றத் தேர்தல் தனியாக 2023 ஆகஸ்ட் 12-இல் நடந்தது.

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1-இல் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது, அன்றோடு இங்கே சட்டமன்றம் இல்லை. 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள், நகரத்தை நடத்துவது நியமிக்கப்படும் டத்தோ பண்டார், அதாவது மேயர். உங்கள் தெருவில் உயர்ந்து நிற்கும் காண்டோவுக்கு அனுமதி கொடுத்தவரை நீங்கள் ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது.

ஆனால் அக்காவும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம், பினாங்கு மாநகர மன்றத்துக்கும் அவர் ஓட்டுப் போடுவதில்லை. ஒரு காலத்தில் போட்டார்கள். கோலாலம்பூரில் 1952 பிப்ரவரியில் நகராட்சித் தேர்தல் நடந்தது, ஜார்ஜ் டவுனில் அதற்கும் முன்னால் 1951 டிசம்பரிலேயே நடந்தது. ஜார்ஜ் டவுன் 1957-இல் மாநகரமானபோது முதல் மேயர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன், அவர் பேரில் அங்கே இன்றும் ஒரு சாலை இருக்கிறது. 1965-இல் இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நேரத்தில் ஊராட்சித் தேர்தல்களைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள், 1976 ஊராட்சிச் சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. பினாங்கு அரசு 2012-இல் தானே ஒரு சட்டம் போட்டு நடத்தப் பார்த்தது, 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. நாட்டின் பிரதமர் யார் என்று முடிவு செய்ய நம்மை நம்புகிறார்கள், கால்வாய் அடைப்பை எடுக்கிறவரைத் தேர்ந்தெடுக்க நம்பவில்லை.

பாட்டி பிறந்தது நிபோங் திபால் தோட்டத்தில், 1950 வாக்கில். இன்னும் சிவப்பு ஐ.சி.தான். தானாகப் பதிவு அவருக்கும் உண்டா?
– நிபோங் திபால் வாசகி

இல்லை. அரசியலமைப்பின் 119-ஆவது விதி வாக்காளர் குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது. சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு உரியது, பச்சை தற்காலிகவாசிக்கு. எத்தனை வருஷம் பால் மரம் வெட்டினாலும், எத்தனை பேரப்பிள்ளைகள் குடிமக்களுக்கான நீல அட்டையோடு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாலும் அந்த விதியில் மாற்றம் இல்லை.

வழி ஓட்டுப் பதிவில் இல்லை, குடியுரிமையில் இருக்கிறது. மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, முன் இந்த மண்ணில் பிறந்தவர்கள் அரசியலமைப்பின் 16-ஆவது விதியின் கீழ் விண்ணப்பிக்கலாம். பிறந்ததற்கு ஆதாரம், இங்கேயே வாழ்ந்ததற்கு ஆதாரம், நன்னடத்தை, ஓரளவு மலாய் பேசத் தெரிவது, இவைதான் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல்தான் பலருக்கு இழுக்கிறது, தோட்டத்தில் செவிலிப் பாட்டி பிரசவம் பார்த்த காலம் அது. தோட்ட ஆபீஸ் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைத் தாள், கூடப் பிறந்தவர்களின் சான்றிதழ் என்று கிடைப்பதை எல்லாம் சேர்த்து ஒரு கோப்பாக வையுங்கள். ஏற்கனவே மனு நிராகரிக்கப்பட்டிருந்தாலும் மறுபடி போடுங்கள். தரகர் எவரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து மஸ்ஜித் இந்தியா பக்கம் உணவகத்தில் வேலை செய்கிறேன். ஊரில் தேர்தல் வந்தால் இங்கிருந்தே ஓட்டுப் போட முடியுமா அண்ணே?
– கோலாலம்பூர் வாசகர்

இப்போதைக்கு முடியாது தம்பி. இந்தியா 2010-இல் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டில் இருக்கும் குடிமக்களுக்கும் வாக்காளர் பதிவைக் கொடுத்தது, படிவம் 6ஏ, இணையத்திலேயே போடலாம். பாஸ்போர்ட்டில் இருக்கும் இந்திய முகவரித் தொகுதியில் பேர் வரும். ஆனால் வாக்களிக்க நேரில் போக வேண்டும், அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். தபாலும் இல்லை, தூதரகத்தில் பெட்டியும் இல்லை. முதலாளி லீவு கொடுத்து, டிக்கெட்டுக்கும் காசு சேர்ந்தால்தான் அந்த உரிமை உங்களுக்குப் பயன்படும்.

அமெரிக்கா பெரிய ஜனநாயகம் என்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் யார் பதிவு செய்யலாம், எந்த அட்டை காட்டணும் என்று கோர்ட்டுக்குப் போகிறார்களே? நாடு முழுக்க ஒரே விதி வைத்தால் என்ன?
– ஆயர் ஈத்தாம் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, அங்கே நம் எஸ்பிஆர் மாதிரியோ இந்தியத் தேர்தல் ஆணையம் மாதிரியோ நாடு முழுவதற்கும் ஓட்டை நடத்தும் ஒரே அமைப்பு கிடையாது. தேர்தலை நடத்துவது மாநிலங்கள், அதற்குள்ளும் நம் மாவட்டம் மாதிரியான கவுன்டிகள். ஒரே கல்யாணத்துக்கு ஐம்பது சமையல்காரர், ஆளாளுக்கு அவரவர் கைப்பக்குவம். நார்த் டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்ற ஏற்பாடே இல்லை, அடையாளத்தைக் காட்டிவிட்டுப் போட வேண்டியதுதான். மற்ற மாநிலங்களில் பதிய வேண்டும், கடைசித் தேதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு, சிலவற்றில் தேர்தல் அன்றே பதியலாம். சிறைக்குப் போனவருக்கு ஓட்டு உண்டா என்பதிலும் இதே கதைதான், மேய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் சிறைக்குள்ளிருந்தே போடலாம், வேறு சிலவற்றில் வெளியே வந்த பிறகும் இழுபறி.

பொது விதி கொண்டுவர முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. கறுப்பின மக்களை எழுத்தறிவுத் தேர்வு, அது இது என்று பட்டியலுக்கு வெளியே வைத்திருந்த மாநிலங்களை 1965 வாக்குரிமைச் சட்டம்தான் அடக்கியது. 1993-இல் இன்னொரு சட்டம் வந்தது, ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் அலுவலகத்திலேயே வாக்காளராகவும் பதியலாம் என்றது, அங்கே எல்லோரும் கார் ஓட்டுகிறவர்கள் என்பதால் நல்ல யோசனை.

அப்புறம் 2000-ஆம் ஆண்டு புளோரிடா. சுமார் 60 லட்சம் ஓட்டில் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் 537 ஓட்டு வித்தியாசம். அட்டையில் துளை போட்டு வாக்களிக்கும் முறை, துளை முழுசா விழாமல் துண்டு தொங்கிக்கொண்டிருந்த அட்டைகளை அதிகாரிகள் கண்ணாடி வைத்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்த படங்கள் ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. துண்டு எந்த அளவு தொங்கினால் அது ஓட்டு என்பதில்கூட ஒவ்வொரு கவுன்டிக்கும் ஒவ்வொரு அளவுகோல். டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மறு எண்ணிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது, புஷ் அதிபரானார். அந்தக் கூத்துக்குப் பிறகு 2002-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு மாநிலமும் கணினியில் ஒரே வாக்காளர் பட்டியல் வைக்க வேண்டும், மாற்றுத்திறனாளி தனியாகவே வாக்களிக்கும் ஒரு கருவியாவது ஒவ்வொரு சாவடியிலும் இருக்க வேண்டும், பேர் பட்டியலில் இல்லையென்று திருப்பி அனுப்பாமல் தற்காலிக ஓட்டு வாங்கி வைத்துப் பிறகு சரிபார்க்க வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் ஊரில் கிளார்க்கின் பட்டியலில் பேர் இல்லையென்றால் வீட்டுக்குத்தான்.

இன்னும் ஒரு படி மேலே போய், தானாகப் பதிவு, தேர்தல் அன்றே பதிவு, குறைந்தது 15 நாள் முன்கூட்டிய வாக்களிப்பு என்று நாடு முழுக்க ஒரே தரம் கேட்ட ஒரு மசோதா 2021 மார்ச்சில் கீழவையில் 220-க்கு 210 என்று நிறைவேறியது. மேலவையில் 60 ஓட்டு இல்லாமல் நின்றுவிட்டது. மாநிலத்தின் உரிமையைப் பறிக்கிறார்கள் என்பது எதிர்த்தவர்கள் வாதம். சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த வாதத்திலும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. தேர்தல் முழுவதும் ஒரே அலுவலகத்தின் கையில் இருந்தால், அந்த அலுவலகம் சாய்ந்தால் நாடே சாயும். அமெரிக்காவில் ஓர் அதிபர் நினைத்தாலும் ஐம்பது மாநில எண்ணிக்கையை ஒன்றாகத் திருப்ப முடியாது. நமக்கு விதி ஒன்று, பட்டியல் ஒன்று, 12 வயதிலிருந்து எல்லோர் கையிலும் ஐ.சி. ஒன்று. அது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஆணையத்தின் உறுப்பினர்கள் எப்படி நியமிக்கப்படுகிறார்கள் என்று கேட்பதை நாம் ஒருபோதும் விடக்கூடாது.

ஒருவருக்கு ஒரு ஓட்டு சரி, எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்புதானா?
– காஜாங் வாசகர்

நீங்கள் பக்கத்து பாங்கியில் வாக்காளரா? அப்படியென்றால் இல்லை. 2022 பொதுத் தேர்தலில் பாங்கித் தொகுதியில் 3 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள், சரவாக்கின் ஈகானில் சுமார் 28 ஆயிரம். இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். அங்கே ஒருவர் ஓட்டு இங்கே பத்துப் பேர் ஓட்டுக்குச் சமம். சுதந்திரம் வாங்கியபோது வித்தியாசம் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. 1962-இல் அதைத் தளர்த்தி கிராமத் தொகுதி நகரத் தொகுதியில் பாதி வரை இருக்கலாம் என்றார்கள், 1973-இல் அந்தப் பாதிக் கணக்கும் போய்விட்டது. ஆறும் காடும் உள்ள தொகுதி சிறியதாக இருக்கட்டும், படகில் போய் மக்களைப் பார்ப்பது லேசல்ல. அதற்காகப் பத்து மடங்கா?

வாக்களிப்பு நாளில் முதலாளி லீவு தரவில்லை என்றால்? சம்பளம் வெட்டுவாரா?
– பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பணியாளர்

வெட்டக்கூடாது. 1954 தேர்தல் குற்றச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, வாக்களிக்கப் போதுமான நேரம் கொடுக்க வேண்டும், அதற்காகச் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது என்கிறது. ஷிப்ட் போடும் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துவிடுங்கள், அன்று காலை வாய்ச் சண்டை போடுவதைவிட அது நல்லது.

அம்மாவுக்கு 80 வயது. கண் மங்கல், படி ஏற முடியாது. கூட்டிப் போகலாமா? உள்ளே என்னென்ன நடக்கும் என்று எனக்கும் சொல்லுங்கள், எனக்கும் இதுதான் முதல் தடவை.
– பிரிக்பீல்ட்ஸ் வாசகி

தாராளமாகக் கூட்டிப் போங்கள். போவதற்கு முன் எஸ்பிஆரின் மைஎஸ்பிஆர் செமாக் தளத்தில் இரண்டு பேர் ஐ.சி. எண்ணையும் தட்டி, எந்தப் பள்ளி, எந்த சாலூரான், அதாவது வாக்களிக்கும் அறை, எத்தனையாவது வரிசை எண் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயது வாரியாகத்தான் சாலூரான் பிரிப்பார்கள், மூத்தவர்கள் முதல் சாலூரானில், பெரும்பாலும் கீழ்த்தளத்தில். அம்மாவும் நீங்களும் வேறு வேறு வகுப்பறையில் இருப்பீர்கள், திகைக்காதீர்கள். கண் தெரியாதவருக்குத் துணை வேண்டும் என்று உள்ளே இருக்கும் தலைமை அதிகாரியிடம் சொன்னால் ஏற்பாடு உண்டு.

உள்ளே முதல் கிளார்க் ஐ.சி.யைப் பார்த்துப் பேரைச் சத்தமாக வாசிப்பார், கட்சி முகவர்கள் குறித்துக்கொள்வார்கள். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார், நாம் மை வைக்க ஆரம்பித்ததே 2013-இல்தான், அன்று கழுவினால் போகிறது என்று எழுந்த கூச்சல் மறந்திருக்காது. மூன்றாமவர் சீட்டைக் கொடுப்பார். கிழிசல், கிறுக்கல் எதுவும் இல்லையா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். மறைவுக்குள் போய் ஒரே ஒரு கட்டத்தில் குறுக்குக் கோடு, மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். கட்சிச் சின்னம் போட்ட டிசட்டை, தொப்பி வேண்டாம். கைப்பேசியை அணைத்துப் பையில் வையுங்கள், சீட்டோடு செல்ஃபி கிடையவே கிடையாது, மை விரலை வெளியே வந்து எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுப் போடவில்லை என்றால் அபராதம் உண்டா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

இங்கே இல்லை. ஆஸ்திரேலியாவில் உண்டு. சிங்கப்பூரில் பட்டியலிலிருந்து பேரையே எடுத்துவிடுவார்கள், திரும்பச் சேர்க்க விண்ணப்பிக்க வேண்டும், தகுந்த காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி. பெயர் வேண்டாம் என்றது எதற்காக என்று புரிகிறது.

கை நடுங்கித் தப்பான கட்டத்தில் கோடு போட்டுவிட்டால்?
– ஜெலுத்தோங் வாசகர்

அடித்துத் திருத்தாதீர்கள், இரண்டு கட்டத்தில் கோடு இருந்தால் செல்லாத ஓட்டு. பெட்டியில் போடாமல் தலைமை அதிகாரியிடம் அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, தவறிப் போட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். அதை ரத்து செய்துவிட்டு வேறு சீட்டு கொடுப்பார். கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே பெட்டியில் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது.